மஞ்சள் கோட்டின் மேல் ஒரு கட்டில்

முத்தியால்பேட்டை பாத்திரக்கடை சக்கரபாணியின் மனைவி அஞ்சலாட்சிக்கு வலிப்பு வந்ததில் ஊருக்கு ஏற்பட்ட வருத்தத்தைவிட, அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையால் ஊருக்கு ஏற்பட்ட லாபம் பெரிசு.

அதற்கு முன்பு அந்தக் கடையில் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு படியிறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அஞ்சலாட்சி ஒரு விலை சொல்வாள். வந்தவளுக்கு நெஞ்சடைக்கும். பாதிக்குக் கேட்பாள். "அந்த வெலைக்குக் குடத்துக்குள்ள இருக்கிற காத்தைத்தான் தர முடியும், பையில புடிச்சிக்கிறியா?" என்பாள் அஞ்சலாட்சி. வந்தவள் கோபித்துக்கொண்டு இறங்குவாள். அஞ்சலாட்சி கூப்பிடமாட்டாள். செருப்புக்கடை தாண்டட்டும், வளையல்கடை தாண்டட்டும் என்று விடுவாள். 'ஐயோ, நிஜமாவே கூப்பிடாம விட்டுடுவாளோ' என்று போகிறவளின் நடை லேசாகத் தளரும் பாருங்கள், அந்த நொடியில், "யக்கா, குடத்தை உட்டுட்டுப் போறியே!" என்று ஒரு குரல் வரும். திரும்பி வந்தவள் குடத்தோடு ஒரு கரண்டியும் வாங்கிக்கொண்டு போவாள். சக்கரபாணிக்குக் கடையில் உள்ள வேலை பாத்திரத்தைத் துடைத்துப் பேப்பரில் சுற்றித் தருவது மட்டுந்தான். அவருக்கு வாயிருந்தது, சாப்பிட.

அஞ்சலாட்சியின் அண்ணன் வெற்றிவேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தான். பிணவறைக்குப் போய் அடையாளம் காட்டியது அவள்தான். கொஞ்ச நாளில் வலிப்பு ஆரம்பித்தது. நின்றபடியே சரிவாள், கை கால் உதறும், பல் கிட்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். நிற்கவில்லை. இரண்டாக்கினார். அப்புறம் மூன்று. வலிப்பு நிற்காவிட்டாலும் அஞ்சலாட்சியின் வாய் நின்றுவிட்டது.

"அஞ்சல, இந்தக் குண்டான் இன்னா வெல?"

அவள் பாதி மூடிய கண்ணோடு குண்டானைப் பார்ப்பாள். "நாங்க வாங்கின வெல இவ்ளோதாங்க்கா. மேல பாத்துப் போட்டுக் குடு."

வாங்கின விலையைச் சொல்கிற கடை என்று செய்தி பரவியதும் உழவர்கரையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். கடையில் கூட்டம் நெரிந்தது. சக்கரபாணி பேப்பர் சுற்றிச் சுற்றி அழுதார். அவருக்கு நஷ்டம்கூடப் பெரிசில்லை. வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால், "ஆமாங்க, இல்லதான்" என்று அவள் ஒத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு பயம் வந்ததில்லை.

"இது நிஜமான வலிப்பு நோயா, இல்ல அது மாதிரி வேற ஏதாவதான்னு பாத்துடலாம்" என்றார் டாக்டர். "அதுவா இல்லாட்டி மாத்திரையே வேணாம். காலாப்பட்டு தாண்டி ஒரு சென்டர் தொறந்திருக்காங்க. மூளையைப் படம் புடிச்சே சொல்லிடுவாங்களாம்."

மாத்திரையே வேணாம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சக்கரபாணி பஸ் ஏறினார்.

அகில பாரத மூளைப்படவியல் உயர்மையம் கடலைப் பார்த்து நின்றது. வாசலில் ஒரு போர்டு: 'வலிப்பு வருவதற்கு அனுமதிக்கப்பட்ட நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. அரசு விடுமுறை நாட்களில் வலிப்பு கிடையாது.' உள்ளே ஒரு நீளமான நடை. நடுவில் தரையோடு ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இடது பக்கம் 'வலிப்பு'. வலது பக்கம் 'வலிப்பு போன்றவை'.

இடது பக்கத்துக்குத் தலைவர், மையத்துக்கே டைரக்டரான டாக்டர் லூசியன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். லூசியனுக்குத் தமிழும் பிரெஞ்சும் இங்கிலீஷும் ஒரே வாக்கியத்தில் வரும். எந்தக் காரியம் முடிந்தாலும் பிரெஞ்சில் 'வுவாலா', 'இதோ ஆச்சு' என்பார், முடியாவிட்டாலும் 'வுவாலா' என்பார். அவர் இடுப்பில் ஒரு தேங்காய் கனத்துக்குச் சாவிக்கொத்து தொங்கும். மையத்தில் கைதுடைக்கிற காகிதம் உள்பட எல்லாமே பூட்டிக் கிடக்கும், எல்லாச் சாவியும் அவரிடம்தான். வலது பக்கத்துத் தலைவர் டாக்டர் இராமதாஸ், மனநலம். மெதுவாகப் பேசுவார், எதிராளி சொல்கிற எதையும் நம்பமாட்டார்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆராய்ச்சி, ஒரே நோயாளிப் பஞ்சம். அஞ்சலாட்சி நுழைந்ததுமே சின்னக்கடை மார்க்கெட்டில் ஒரே கிராக்கியின் இரண்டு கையையும் இரண்டு மீன்காரிகள் பிடித்து இழுப்பதைப்போல ஆகிவிட்டது.

"பாத்தாலே தெரியுது, எங்க கேஸ்" என்றார் லூசியன்.

"பாத்தாலே தெரியுதுன்னா, அது எங்க கேஸ்தான் சார்" என்றார் இராமதாஸ்.

கடைசியில் படம் எடுத்து முடிவாகும் வரை அவள் இருவருக்கும் பொது என்று தீர்மானமாயிற்று. அஞ்சலாட்சியின் கட்டில் மஞ்சள் கோட்டின் மேல் போடப்பட்டது. தலை 'வலிப்பு' பக்கம், கால் 'வலிப்பு போன்றவை' பக்கம். காலையில் ஒரு கூட்டம் தலைமாட்டுக்கு வந்து கண்ணில் டார்ச் அடிக்கும். இன்னொரு கூட்டம் கால்மாட்டில் நின்றுகொண்டு, "சின்ன வயசுல உங்கப்பா உங்களை அடிப்பாரா?" என்று பாதத்தைப் பார்த்துக் கேட்கும். இட்லி மட்டும் வரவில்லை. வாய் தங்கள் எல்லையில் இருந்தாலும் வயிறு எதிர்ப்பக்கம் என்று இடது பக்கத்தார் சொன்னார்கள். விழுங்குகிற வரைக்கும் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள் வலது பக்கத்தார். சக்கரபாணி வெளியே போய் வாங்கிவந்து, கோட்டின் மேல் நின்றபடி ஊட்டினார்.

படம் எடுக்க வலிப்பு வரவேண்டும். வலிப்பு வர மாத்திரையைக் குறைக்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. ஹேமலதா என்ற இளம் டாக்டர் நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். மொத்த மையமும் மூளையைப் படம் எடுக்கிற காந்த மெஷினைத் தயார் செய்துவிட்டு வலிப்புக்காகக் காத்திருந்தது.

வலிப்பு வரவில்லை. வாய் வந்தது.

முதலில் சக்கரபாணி அதை நம்பவில்லை. இட்லியை வாயில் வைத்ததும், "இந்தக் கல்லை எங்க பொறுக்கிட்டு வந்தீங்க, பீச்சாண்டயா?" என்றாள் அஞ்சலாட்சி. அவர் சட்னியைத் தன் வேட்டியிலேயே ஊற்றிக்கொண்டார். மறுநாள் நர்ஸ் மூன்று குப்பி ரத்தம் கேட்டதற்கு, "ஒரு குப்பின்னா எடு, இல்லாட்டி வேற கட்டிலைப் பாரு" என்றாள். ஒன்றரைக்குப் படிந்தது. சக்கரபாணி நடையின் கோடிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். இதோ, வந்துவிட்டாள். இனி இவர்கள் மறுபடியும் மாத்திரை கொடுத்து இவளைக் கொண்டுபோகாமல் இருக்கவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வலிப்பு வராத எரிச்சலில் டாக்டர் இராமதாஸ் ஒரு பாட்டிலோடு கால்மாட்டுக்கு வந்தார். "அம்மா, இது ரொம்ப வீரியமான மருந்து. ஏத்தினா உடனே வலிப்பு வந்துடும். பயப்படாதீங்க."

அஞ்சலாட்சி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். "இது உப்புத்தண்ணி ஆச்சே? போன வருஷம் பேதிக்கு இதையேதானே ஏத்தினாங்க?"

இராமதாஸ் சக்கரபாணியைத் தனியே கூப்பிட்டார். "சொல்லிடாதீங்க. உப்புத்தண்ணியை மருந்துன்னு சொல்லி ஏத்துவோம். அதுக்கு வலிப்பு வந்தா அவங்க வலிப்பு போலின்னு கண்டுபுடிச்சிடுவோம்."

"பொய் சொல்லி ஏத்துறதுங்களா?"

"பொய் இல்லைங்க, பரிசோதனை. இது நம்பிக்கையில நடக்கிற வைத்தியம். அவங்க எங்களை நம்பணும். நாங்க அவங்களை நம்பக் கூடாது."

"சேம்பிள் பீஸைக் காட்டிட்டு மட்டச் சரக்கை விக்கிற ஆளுங்களை நான் எவ்ளோ பாத்திருக்கேன்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏத்துங்க. உடம்புக்கு நல்லதுதான்."

ஏற்றினார்கள். நன்றாகத் தூங்கினாள்.

இந்த நேரத்தில்தான் பிரான்சிலிருந்து முசியே அத்ரியான் மையத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. லூசியன் முடிவெடுத்துவிட்டார். வலிப்பு வருகிறதோ இல்லையோ, அன்றைக்கு அஞ்சலாட்சி மெஷினுக்குள் போயாக வேண்டும். காந்த அறை வாசலில், இரும்பு போட்டிருப்பவர் நெருங்கினால் கூவுகிற கருவி ஒன்று உண்டு. டைரக்டர் விருந்தாளியோடு நடக்கும்போது அவர் இடுப்பைப் பார்த்து அது கூவினால் மரியாதையாக இராது என்று அதை அணைத்துவைத்தார்கள். சக்கரபாணியிடம் மட்டும் கடைச்சாவி, பெல்ட், அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த பெட்டிச்சாவி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் வேட்டியைக் கையில் பிடித்தபடி கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவதுதான் லூசியனின் வேலை. அந்தப் பக்கம் அவர் ஒருநாளும் போனதில்லை.

"முசியே அத்ரியான்! நண்பர்களே! நம் மக்கள் இன்னும் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். இரும்பைக் கொடுத்தால் நிற்குமாம்! இந்த இருட்டை விரட்டத்தான் இந்த மையம். இங்கே நாங்கள் நோயாளியிடம் எதையும் கேட்பதில்லை. நோயாளிக்குத் தெரிந்தது அவருடைய கஷ்டம் மட்டும்தான். எங்களிடம் படம் இருக்கிறது. எங்கள் இயந்திரம் பொய் சொல்லாது. பல சமயம் அது எதுவுமே சொல்லாது. எதுவுமே சொல்லாத ஒன்று எப்படிப் பொய் சொல்லும்? வுவாலா!"

கைதட்டினார்கள். உள்ளே அஞ்சலாட்சியை நீளமான பலகையில் படுக்கவைத்து, தலையில் மூளை மின்சாரத்தை எழுதும் ஒயர் தொப்பியை மாட்டி, வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்தினாள் ஹேமலதா. பொத்தானை அழுத்தியதும் பலகை மெல்ல நகர்ந்து, சில்லென்ற வட்டப் பொந்துக்குள் போக ஆரம்பித்தது.

"நிறுத்து!" என்று அஞ்சலாட்சி கத்தினாள். "அண்ணனை உள்ள தள்ளாத! மூஞ்சியை மூடாத!"

உடம்பு வில்லாக வளைந்தது. கையும் காலும் பலகையில் அடித்துக்கொண்டன. சக்கரபாணிக்கு அப்போதுதான் உறைத்தது. பிணவறையில் ஐஸ் பெட்டியிலிருந்து வெற்றிவேலை இப்படித்தான் ஒரு பலகையோடு இழுத்துக் காட்டி, இப்படித்தான் உள்ளே தள்ளினார்கள். அவளோடு துணைக்குப் போயிருந்த அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள்தான் உள்ளே போய்ப் பார்த்தாள்.

அத்தனை நாள் காத்திருந்த வலிப்பு அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள், விருந்தாளியின் முன்னிலையில் வந்துவிட்டது. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. லூசியன் முகம் வெளுத்தது. நெற்றியில் வேர்த்தது. வாயிலிருந்து பிரெஞ்சும் இங்கிலீஷும் ஒரே நேரத்தில் கழன்று போயின.

"இரும்பு!" என்று அலறினார். "யோவ், கையில இரும்பைக் குடுங்கய்யா! சாவி! சாவி!"

சாவி அவரிடம்தான் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கூவவேண்டிய கருவி கூவவில்லை. இரண்டடி வைத்திருப்பார், சாவிக்கொத்து இடுப்பிலிருந்து தானாக எழுந்து படுக்கைவாட்டில் நின்றது. அடுத்து பெல்ட்டோடு டைரக்டரையும் இழுத்துக்கொண்டு போய் மெஷினில் டமாரென்று ஒட்டிக்கொண்டது. யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்தினார்கள். காந்தத்தைக் குளிர்விக்கிற வாயு முழுக்கக் கூரைக்குழாய் வழியாக வெள்ளைப் புகையாய் உறுமிக்கொண்டு வெளியேறியது. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களா என்று கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

காந்தம் விட்டதும் லூசியன் கீழே விழுந்தார். பாழாய்ப்போன தன் மெஷினை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான், கையும் காலும் உதற ஆரம்பித்தன.

எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். ஒருவர் விசிறினார். ஒருவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "பாவம், வேலைப்பளு" என்றார் இராமதாஸ், படம் எதுவும் எடுக்காமலே. பலகையில் கிடந்த அஞ்சலாட்சியின் பக்கம் ஹேமலதாவும் சக்கரபாணியும் மட்டும் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தெளிந்தது. தலையைத் திருப்பித் தரையைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தாளு ஏன் என்னை மாதிரியே பண்றாரு?"

மறுநாள் ஹேமலதா கட்டிலின் விளிம்பில், மஞ்சள் கோட்டின் மேலேயே உட்கார்ந்தாள். "அக்கா, வலிப்பு நோய்னா அந்த நேரத்துல மூளையோட மின்சாரம் தாறுமாறா எகிறணும். உங்களுக்கு முழிச்சிருக்கிற ஆளுக்கு ஓடுற மாதிரியே ஓடிச்சு. இது அந்த நோய் இல்ல."

"அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றியா?"

"ஐயோ, இல்லக்கா. மனசால தாங்க முடியாததை உடம்பு எடுத்துப் போட்டு உலுக்குது. நீங்களா பண்றதில்ல. அதுக்கு மாத்திரை கேக்காது. உக்காந்து பேசணும், அண்ணனைப் பத்தி. வாரா வாரம் வாங்க."

"பேச்சுதானே? எங்கிட்ட நெறைய ஸ்டாக் இருக்கு."

"அந்தப் பேச்சு இல்லக்கா."

அஞ்சலாட்சி குனிந்துகொண்டாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அவன் காலு ஒண்ணு போர்வைக்கு வெளியே இருந்திச்சும்மா" என்றாள் கடைசியில். ஹேமலதா எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் அது ஆஸ்பத்திரி. இது உயர்மையம். விசாரணைக் கமிட்டி கூடியது. சம்பவத்தை மிக அருகில் இருந்து பார்த்தவர் என்ற முறையில் டாக்டர் லூசியனே தலைவர். சக்கரபாணியையும் அஞ்சலாட்சியையும் நிற்கவைத்து இராமதாஸ் தீர்ப்பைப் படித்தார். அஞ்சலாட்சிக்கு வந்தது உண்மையான வலிப்பு நோய். பழைய மாத்திரைகள் எல்லாம் மறுபடியும், கொஞ்சம் கூட்டி.

சக்கரபாணி ஓரடி முன்னே வந்தார். "அந்த டாக்டரம்மா இல்லன்னாங்களே?"

"அவங்க மின்சாரத்தைப் பாத்தாங்க. நாங்க முழுசா பாக்கணும் இல்லையா?" என்றார் இராமதாஸ். "உண்மையான வலிப்பு வந்த நோயாளியைக் காப்பாத்தப் போய் மெஷின் கெட்டதுன்னா இன்சூரன்ஸ் குடுப்பான். வலிப்பு போன்றதுக்காகக் கெட்டதுன்னா கவனக்குறைவும்பான். மருத்துவத்துல எல்லாப் பக்கத்தையும் பாத்துத்தான் நோயை முடிவு பண்ணணும். என் நோயாளியையே நான் விட்டுக்குடுத்திருக்கேன்."

"சாமி, மாத்திரை மட்டும் வேணாங்க" என்று சக்கரபாணி கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண்முன் வாங்கின விலையும், ஒத்துக்கொள்கிற சாம்பாரும் வந்து நின்றன.

அஞ்சலாட்சி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னா ஐயா, உங்களுக்கு அசல் வலிப்பு ஒண்ணு வேணும். அவ்ளோதானே?"

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா."

"சொல்லல. அன்னிக்கு வந்தது ரெண்டு. எனக்கு ஒண்ணு, டைரக்டர் ஐயாவுக்கு ஒண்ணு. என்னுது முத்தியால்பேட்டை சரக்கு. இன்சூரன்ஸ்காரன் தட்டிப் பாத்தான்னா சத்தம் காட்டிக் குடுத்துடும். ஐயாவுது ஃபாரின் சரக்கு. தரமான சரக்கை உள்ள வச்சிக்கிட்டு ஏன் இதைப் போயி விக்கிறீங்க?"

லூசியன் நிமிர்ந்தார். "எனக்கு வந்தது வேலைப்பளு!"

"சரிங்க, அது உங்க இஷ்டம். வாங்க, நம்ம போவலாம்" என்று அஞ்சலாட்சி திரும்பி நடந்தாள். வாசலில் நின்று, யாரிடமும் சொல்லாததுபோல, "கூவுற மெஷினை அணைக்கச் சொன்னது யாருன்னு இன்சூரன்ஸ்காரன் கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றாள்.

நடையில் போய்க்கொண்டே இருந்தாள். "திரும்பிப் பாக்காதீங்க" என்று சக்கரபாணியிடம் பல்லிடுக்கில் சொன்னாள். அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தன் கடைப் படியிறங்கிய பெண்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று முதல்முறையாகப் புரிந்தது. காலியாகக் கிடந்த கட்டிலைத் தாண்டினார்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டினார்கள்.

"அம்மா!" என்றது பின்னாலிருந்து இராமதாஸின் குரல்.

அஞ்சலாட்சி நிற்கவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம், வாங்கம்மா, பேசிக்கலாம்!"

நின்றாள்.

படிந்தது. அஞ்சலாட்சிக்கு வலிப்பு நோய் இல்லை, மாத்திரை இல்லை, ஹேமலதாவிடம் வாரா வாரம் பேச்சு என்று எழுதிக்கொடுத்தார்கள். கடமையின் நடுவே டைரக்டருக்கு உண்மையான வலிப்பு நோய் வந்து, நினைவு தப்பிய நிலையில் அவர் காந்த அறைக்குள் போய்விட்டார் என்று கமிட்டி ஒருமனதாகக் கண்டறிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் லேசுப்பட்டவனா? நோய் உண்மையென்றால் மாத்திரையும் உண்மையாக இருக்கவேண்டும், மாசாமாசம் ரத்தத்தில் மருந்து இருக்கிறதா என்று சோதிப்போம் என்றான். லூசியன் மாத்திரை போட ஆரம்பித்தார். முதலில் ஒன்று. அப்புறம் மூன்று.

புது மெஷின் வந்தது. திறப்பு விழாவில் விருந்தாளிகளுக்குத் தர எவர்சில்வர் டிபன்பாக்ஸ் ஆர்டர், பேர் வெட்டி, முத்தியால்பேட்டைக் கடைக்கே கிடைத்தது. விலை பேச வந்த இராமதாஸை அஞ்சலாட்சி வளையல்கடை வரைக்கும் நடக்கவிட்டுத்தான் கூப்பிட்டாள். வாரா வாரம் அண்ணனைப் பற்றிப் பேசினாள், சில வாரம் அழுதாள். வலிப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தது, வந்த வேகத்தில் போனது. வீட்டில் சக்கரபாணி உப்பைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

விழாவன்று இருவரும் டிபன்பாக்ஸ் மூட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் முசியே அத்ரியான். டைரக்டர் லூசியன் பேச எழுந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, பாதி மூடிய கண்ணோடு புது மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல மெஷின்" என்றார். "ஆனா அந்தம்மாவுக்கு இன்னான்னு இதுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. உங்கண்ணனுக்கு இன்னா ஆச்சும்மான்னு வந்த அன்னிக்கே அந்தம்மாவைக் கேட்டிருக்கலாம். யாரும் கேக்கல. அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டார். வழக்கப்படி எல்லோரும் கைதட்டினார்கள். இராமதாஸ் மைக்கை நோக்கி ஓடினார். முசியே அத்ரியான் பக்கத்திலிருந்த ஹேமலதாவிடம், டைரக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சக்கரபாணி குனிந்து, "என்ன அஞ்சல, இந்த மனுஷன் இப்படிப் பேசிட்டாரு?" என்றார்.

அஞ்சலாட்சி அந்தப் பாதி மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவங்க" என்றாள். "வாங்கின வெலையைச் சொல்லிட்டாரு."